நாலு ஸ்டாப்பை விட்டுப்போன டிரைவர்

என் தங்கச்சி எந்தத் தெருவில் குடியிருக்கிறாள், எந்த ஸ்டாப்பில் பஸ் ஏறுகிறாள் என்று கூடப்பிறந்த எனக்குத் தெரியாது. அவளை அடித்தவனுக்குத் தெரிந்திருந்தது. என் எதிரே நின்று, “தெரியும் மச்சான், ஆனா உங்ககிட்ட சொல்ல மாட்டேன்” என்றான். அது நடந்து வருஷம் பல ஓடிவிட்டது. இன்றைக்கு அந்த வீட்டுக்கு நான் போகிறேன், வருகிறேன், தங்கச்சி கையால் சாப்பிடுகிறேன். ஆனாலும் அந்த வார்த்தை எனக்குச் செரிக்கவில்லை. எனக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்ததே, அது ஆறாது. அவனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் பொங்கி வருவது இதுதான். இதைச் சொல்லி ஓரமாக வைத்துவிட்டால்தான் மீதியை எழுத முடியும்.

நான் பஸ் டெப்போவில் டயர் பிரிவு. பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் சின்ன வயசிலேயே ஒத்துக்கொள்ளவில்லை, டயரோடு ஒத்துக்கொண்டது. மனுஷன் முகம் பொய் சொல்லும், டயர் சொல்லாது என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்தவன் நான். பிரேக்கைக் குத்திக் குத்தி அடிக்கிறவன் ஓட்டிய வண்டியில் டயர் திட்டுத்திட்டாகத் தேய்ந்திருக்கும். அவசரக்காரன் ஓட்டினால் ஓரம் போயிருக்கும். பஞ்சு ஓட்டிய வண்டியில் மட்டும் டயர் நாலு பக்கமும் ஒரே சீராகத் தேயும், தோசைக்கல்லில் தேய்த்த மாதிரி.

பஞ்சு என்பது டெப்போ வைத்த பெயர். அவ்வளவு மெத்தென்று பிரேக் போடுவான். நின்றுகொண்டே வருகிற பிள்ளைத்தாய்ச்சி கம்பியைப் பிடிக்க வேண்டியதில்லை. “பஞ்சு வண்டியில ஏறினா தூங்கிட்டு ஸ்டாப்பை விட்டுடுவோம்” என்று பயணிகளே சொல்வார்கள். அப்பா அம்மா இல்லாதவன். சித்தப்பா வீட்டில் வளர்ந்தான் என்பதைவிடக் கிடந்தான் என்பது சரி. அந்தச் சித்தப்பா சித்தியைக் கை நீட்டுகிறவர். பஞ்சு அங்கிருந்து லாரிக்குக் கிளீனராக ஓடி, ஸ்டியரிங் பிடித்து, கடைசியில் எங்கள் டெப்போவுக்கு வந்து சேர்ந்தான். குடி கிடையாது, பீடி கிடையாது, எதிர்த்து ஒரு வார்த்தை கிடையாது. டயரும் சீராக இருந்தது. எனக்குப் போதாதா?

என் பெண்டாட்டி அன்றைக்கே கேட்டாள். “ஏங்க, டயரைப் பார்த்துப் பொண்ணு குடுக்குற ஒரே ஆள் இந்த உலகத்துல நீங்கதான். வண்டி ஓட்டாத நேரத்துல எப்படி இருப்பான்னு யாரையாச்சும் விசாரிச்சீங்களா?”

“வண்டி ஓட்டாத நேரத்துல தூங்குவான்” என்றேன்.

தங்கச்சி எனக்குப் பத்து வயசு இளையவள். அம்மா போன பிறகு எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். தையல்காரி. கழுத்தில் எந்நேரமும் அளவு டேப் தொங்கும்; சிரிப்பு வந்தால் அதன் நுனியை எடுத்து வாயைப் பொத்திக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமையானால் என் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, மண்ணெண்ணெய் துணியால் நகக் கண்ணில் இருக்கிற டயர் கறுப்பைத் துடைப்பாள். “அண்ணே, இந்தக் கையோட என் கல்யாணத்துக்கு வந்து நிக்காதே” என்பாள். நின்றேன். நானே பிடித்துக் கொடுத்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகு தங்கச்சியின் கன்னத்தில், கையில், கழுத்தடியில் ஒவ்வொன்றாக வந்தது. கேட்டால், “கதவு இடிச்சிடுச்சு அண்ணே” என்பாள். என் வீட்டிலும் கதவு இருக்கிறது, ஒரு நாளும் ஆளைத் தேடி வந்து இடித்ததில்லை. பஞ்சுவைக் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு, “இனிமே நடக்காது மச்சான்” என்பான். ஒரு மாசம் நடக்காது. பிறகு வேறு கதவு இடிக்கும். மகள் குட்டி பிறந்தாள், நடந்தாள், பேசினாள். ஒரு நாள் குட்டியின் அலறலைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி போலீசைக் கூப்பிட்டுவிட்டாள்.

சேதி கேட்டு ஆஸ்பத்திரிக்கு நான் ஓடிப்போனபோது தங்கச்சியின் கட்டில் காலி. விரிப்பில் இன்னும் சுருக்கம் இருந்தது. ஒரு பெண்மணி வந்து நின்றார், தோளில் துணிப்பை, கையில் போன். “உங்க தங்கச்சியும் பாப்பாவும் பத்திரமா இருக்காங்க அண்ணே. எங்கன்னு மட்டும் கேட்காதீங்க.”

“கேட்காம? நான் யாரு தெரியுமா?”

“தெரியும். அதனாலதான்.”

இவரைப் போன்காரம்மா என்றே சொல்லிவிடுகிறேன். எந்நேரமும் ஏதாவது ஒரு பெண்ணோடு போனில் இருப்பார். அதுவரை இங்கே இதெல்லாம் எப்படி நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். போலீஸ் புருஷனுக்கு ரெண்டு தட்டு தட்டி, பெண்டாட்டிக்கு ரெண்டு புத்தி சொல்லி, ஒரே ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிடும். ஆஸ்பத்திரி காயத்துக்கு மருந்து போடும், காரணம் கேட்காது. கோர்ட்டுக்கு ஆஸ்பத்திரி சங்கதி தெரியாது, ஆஸ்பத்திரிக்குப் போலீஸ் சங்கதி தெரியாது. இந்தக் கை கொடுத்ததை அந்தக் கை கீழே போட்டுவிடும். போன்காரம்மாவும் இன்னும் சிலரும் கெஞ்சிக் கூத்தாடி இவர்கள் எல்லோரையும் ஒரு மேஜையில் உட்கார வைத்திருந்தார்கள். இன்ஸ்பெக்டரம்மா, டாக்டர், கோர்ட் ஆள், பெண்கள் தங்கும் வீட்டுக்காரர்கள், அடித்த ஆண்களுக்கு வகுப்பு நடத்துகிறவர், எல்லோரும். எவன் யாரை அடித்தான், இப்போது எங்கே இருக்கிறான், வகுப்புக்கு வந்தானா என்று ஒருத்தர் சொன்னால் மற்றவர் மறக்க முடியாது.

கோர்ட் பஞ்சுவிடம் சொன்னது இதுதான். பெண்டாட்டி பிள்ளை இருக்கிற பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. ஒரு வருஷம் வாராவாரம் வகுப்புக்குப் போக வேண்டும். தவறினால் உள்ளே. டெப்போ மேனேஜருக்கும் சொல்லிவிட்டார்கள்; வகுப்பு நாளில் அவனுக்கு முதல் ஷிஃப்ட்தான் கொடுக்க வேண்டும்.

அவன் கோர்ட்டிலிருந்து டெப்போவுக்குத் திரும்பிய அன்று நான் டயர் கடப்பாரையோடு யார்டில் அவன் மேல் பாய்ந்தேன். நாலு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் ஓடவும் இல்லை, கையைத் தூக்கவும் இல்லை, நின்றான். மேனேஜர் ஓடிவந்து, “யோவ், அவனைத் திருத்த ஆறு ஆபீஸ் வேலை செய்யுது. உன்னைத் திருத்த ஏழாவது ஆபீஸுக்கு நான் எங்க போவேன்?” என்றார். அதோடு எனக்கும் அவனுக்கும் பேச்சில்லை.

அவன் போன வகுப்பு ஒரு பழைய நூலகத்தின் மாடியில். பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு ஆம்பளைகள் மட்டும் உட்காருவார்கள். நடத்துகிறவர் சாதுவாகத்தான் இருப்பார், கேள்விதான் ஊசி. முதல் நாள் பஞ்சு, “கோபம் வந்துடுது சார், கண்ணு மறைச்சிடுது” என்றானாம்.

“பஸ் ஓட்டும்போது எவனாச்சும் குறுக்க விழுந்திருக்கானா?”

“தினமும் சார்.”

“இறங்கி அடிச்சிருக்கியா?”

“இல்ல சார்.”

“மேனேஜர் திட்டியிருக்காரா?”

“திட்டாத நாளில்ல.”

“அவரை அடிச்சியா?”

வட்டத்தில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். “அப்போ கண்ணு நல்லாத்தான் தெரியுது. ஆளைப் பார்த்துத்தான் கோபம் வருது” என்றாராம்.

அந்த வட்டத்துக்கு ரெண்டு சட்டம். இங்கே ஆண்கள் பேசுவது போன்காரம்மாவுக்குப் போகும்; பெண்களின் உயிர் சம்பந்தப்பட்டதால் ரகசியம் கிடையாது. ரெண்டாவது, “உன் புருஷன் திருந்திட்டான்” என்று அந்தப் பெண்ணிடம் யாரும் போய்ச் சொல்லக் கூடாது. வகுப்பு நடத்துகிறவரும் சொல்லமாட்டார். அந்த ஒரு வார்த்தையை நம்பித் திரும்பிப் போய்ச் அடிபட்ட பெண்களைப் போன்காரம்மா பார்த்திருக்கிறார். எனக்கு முதலில் புரியவில்லை. பாஸானவனுக்குப் பாஸ் என்று சொல்லாத பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது?

தங்கச்சி எனக்குப் போன் பண்ணுவாள், அதுவும் போன்காரம்மாவின் ஆபீஸ் நம்பரிலிருந்து. “நல்லா இருக்கேன் அண்ணே. குட்டிக்குப் பல்லு விழுந்து முளைச்சிடுச்சு.” எந்தப் பல் என்று கேட்பேன். முன் பல்லா, கடைவாய்ப் பல்லா, கோணலா, நேரா என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். பல்லைப் பற்றி எவ்வளவு நேரம் பேசினாலும் ஆபத்தில்லை. பின்னால் ஏதாவது சத்தம் கேட்கிறதா, ரயில் போகிறதா, பள்ளிக்கூட மணி அடிக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். ஒன்றும் கேட்காது. அந்த ஆபீஸ் மின்விசிறிதான் கறக் கறக் என்று ஓடும்.

அவள் தையல் மிஷினைப் போலீஸ் துணையோடு எடுத்துவந்து என் வீட்டில் போட்டிருந்தார்கள். புதுசாக ஒன்று எப்படியோ கிடைத்துவிட்டது, இது வேண்டாம் என்றாள். நான் அவ்வப்போது துணியை விலக்கி எண்ணெய் விட்டுச் சக்கரத்தைச் சுற்றுவேன். துருவேறி இறுகிவிடக் கூடாதல்லவா. “யாருக்குத் தைக்கிறீங்க?” என்பாள் என் பெண்டாட்டி. சொல்லிவிட்டு அவளும் வந்து பக்கத்தில் நிற்பாள். ஊசி வெறும் காற்றைத் தைக்கும்.

கோர்ட் சொன்ன வருஷம் முடிந்த பிறகும் பஞ்சு வட்டத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. ஒரு நாள் டயர் பிரிவு வாசலில் வந்து நின்றான். “ஒரு வார்த்தை அவகிட்ட சொல்லுங்க மச்சான். நான் இப்போ பழைய ஆள் இல்லைன்னு.”

“உன் வாய்க்கு ஒரு பஞ்சர் ஒட்டிடுவேன், போடா” என்றேன். போய்விட்டான்.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில்தான் அது நடந்தது. உடம்புக்கு முடியாத டிரைவர்களுக்கெல்லாம் அவன் மாற்றாகப் போக வேண்டியிருந்தது. டெப்போவில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். இன்றைக்கு இந்த ரூட், நாளைக்கு அந்த ரூட் என்று அவனை மாற்றி மாற்றிப் போட்டு, கடைசியில் ஒரே ரூட்டில் விட்டுவிட்டார்கள். திடீரென்று பஞ்சு மேல் புகார் வர ஆரம்பித்தது. ஸ்டாப்பில் நிறுத்துவதில்லை. மழையில் நின்றவர்கள் மேல் சேற்றை வாரி இறைத்துவிட்டுப் போகிறான். ஒரு ஸ்டாப் இல்லை, நாலு ஸ்டாப். வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒரு புகார் வாங்காதவன். டெப்போவே கேலி பேசியது. “பஞ்சுக்குள்ள கல்லு வந்திருச்சுடா.” மேனேஜர் கூப்பிட்டு ஏன் என்று கேட்டார். “ரூட்டை மாத்திக் குடுங்க சார்” என்று மட்டும் கேட்டானாம். காரணம் சொல் என்றார். சொல்லவில்லை. காரணம் இல்லாமல் மாற்ற முடியாது என்று அனுப்பிவிட்டார்.

அன்று ஷிஃப்ட் மாறுகிற நேரம் நான் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தேன். நிழல் விழுந்தது.

“மச்சான்.”

“யாருடா உனக்கு மச்சான்?”

“பார்த்துட்டேன்.”

“எதை?”

“அவளை. குட்டியை.”

என் கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது. டியூபிலிருந்து குமிழி வந்துகொண்டே இருந்தது. “எங்கடா?”

அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னான். தெரியும், ஆனால் சொல்லமாட்டேன் என்று. நான் ஈரக்கையோடு சட்டையைப் பிடித்துச் சுவரோடு வைத்து அழுத்தினேன்.

“கழுத்தை நெரிச்சாலும் சொல்ல மாட்டேன் மச்சான். சொன்னா நாளைக்கு முதல் பஸ்ல போய் நிப்பீங்க. உங்க பின்னாடியே அவ வீடு வரைக்கும் நான் வரமாட்டேன்னு என்ன நிச்சயம்? எனக்கே இல்ல.”

சட்டையை விட்டேன். அவன் அப்படியே ஒரு லாரி டயர் மேல் உட்கார்ந்து சொன்னான்.

அந்த ஸ்டாப்புக்கு அவன் வண்டி போனபோது முன்னால் இன்னொரு பஸ் நின்றிருந்தது. கூட்டத்தில் தங்கச்சி. முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாளாம், முதலில் அடையாளம் தெரியவில்லை. கழுத்தில் டேப் இருந்தது. “பஸ் வந்தா எல்லாரும் போர்டைத்தானே பார்ப்பாங்க மச்சான்? அவ அந்த டிரைவரோட முகத்தைப் பார்த்தா. நல்லா உத்துப் பார்த்துட்டு, அப்புறம்தான் குட்டி கையை விட்டு ஏத்தினா.” அடுத்தது அவன் வண்டி. அவன் முகத்தை அவள் பார்த்துவிடக் கூடாது என்று வண்டியை வெளியே ஒடித்து, முன் வண்டியைத் தாண்டி, நிறுத்தாமல் போய்விட்டான். கைக்குட்டையை எடுத்து முகத்தில் கட்டிக்கொண்டு, தூசி என்று கண்டக்டரிடம் சொன்னான். மழையில் என்ன தூசி?

அடுத்த நாளும் அதே ரூட். அந்த நேரத்துக்கு வேறு பஸ் இல்லை. நிறுத்தாமல் போனான். “குட்டி பஸ்ஸுக்குப் பின்னாடி ஓடி வந்தா மச்சான். ‘நிறுத்துங்க, நிறுத்துங்க’ன்னு கையை ஆட்டிக்கிட்டு. பள்ளிக்கூடத்துக்கு நேரமாயிடுச்சு போல. பக்கக் கண்ணாடியில பார்த்தேன். உங்க ஜாடை வந்திடுச்சு அவளுக்கு. என்னைப் பார்த்து ஓடி வர்றா, நான் ஆக்சிலரேட்டரை மிதிக்கிறேன்.”

அந்த ஒரு ஸ்டாப்பை மட்டும் விட்டால் புகாரைப் பார்த்து யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அவனுக்குப் பயம். அதனால் வழியில் இன்னும் மூன்று ஸ்டாப்பையும் விட்டான். எந்தப் பாவமும் அறியாத ஜனங்கள் மழையில் நின்று அவன் வம்சத்தையே திட்டியது இதற்காகத்தான். மேனேஜரிடம் காரணத்தைச் சொன்னால் ஊர் தெரிந்துவிடும். வட்டத்தில் சொன்னால் அங்கே உட்கார்ந்திருக்கிற மற்ற ஆம்பளைகளுக்கு ரூட் தெரிந்துவிடும்.

“வகுப்பு நடத்துறவர்கிட்ட தனியா சொல்லேன்டா, மடையா.”

“சொல்லணும். சொன்னா போன்காரம்மாவுக்குப் போகும். அவ மறுபடி பெட்டியைக் கட்டிக்கிட்டு ஓடுவா. அப்புறம்…” நிறுத்தினான். “அப்புறம் அந்தக் கண்ணாடியில எனக்கு ஒண்ணும் தெரியாது மச்சான். இந்த வாரம் பூரா அதுக்காகவும்தான் சொல்லாம இருந்தேன்.”

எனக்கு அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. அதைவிட, எனக்கும் அந்தக் கண்ணாடி வேண்டும் போலிருந்தது.

“தனியா கிளம்பினா வழியிலேயே திரும்பிடுவேன். கூட வாங்க” என்றான். கையைக்கூடக் கழுவாமல் போனேன்.

போன்காரம்மாவின் ஆபீஸ் மாடியில் இருந்தது. ஜன்னலுக்குக் கனமான திரை. படிக்கட்டில் ஒரு கூடை நிறைய பொம்மை, எல்லாம் யாரோ விளையாடிப் பழசாக்கியவை. வட்டத்து ஆம்பளைகள் மேலே ஏறக் கூடாது. நாங்கள் கீழே நின்றோம், அவர் இறங்கி வந்தார். பஞ்சு சொல்ல ஆரம்பித்ததும் அவர் முகம் மாறிவிட்டது. கையைக் காட்டி நிறுத்தினார்.

“அண்ணே, நீங்க கொஞ்சம் கேட்டுக்கு வெளிய நில்லுங்க.”

“நானா?”

“ஆமா அண்ணே.”

வெளியே போய் நின்றேன். சைக்கிள்களுக்கு நடுவில், வாட்ச்மேன் நாற்காலிக்குப் பக்கத்தில், என் தங்கச்சியின் தெருப் பெயரை அவளை அடித்தவன் உள்ளே சொல்லிக்கொண்டிருந்தான். அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவன் நான், கேட்டுக்கு வெளியே. வாட்ச்மேன் வேறு, “யாரை விட வந்தீங்க?” என்று கேட்டான்.

பிறகு அவர் குரல் மட்டும் உயர்ந்து கேட்டது. “முகத்தை மூடிக்கிட்டு அவங்க ஸ்டாப் வழியா ஒரு வாரம் போயிருக்கீங்க. அவங்களுக்காகத்தான் செஞ்சீங்கன்னே வச்சுக்குவோம். அதை அவங்க பார்த்திருந்தா என்னன்னு எடுத்திருப்பாங்க? முதல் நாளே இந்தப் படியில வந்து நின்னிருக்கணும்.”

மறுநாள் பஞ்சுவுக்கு ரூட் இல்லை. யார்டில் வண்டி நகர்த்துகிற வேலை. அதற்கு அடுத்த நாள் மேஜை கூடியது. டெப்போ மேனேஜரையும் கூப்பிட்டார்கள், என்னையும் கூப்பிட்டார்கள். பஞ்சு கீழே படிக்கட்டில்.

மேனேஜர் பொரிந்தார். “அந்தம்மா அந்தப் பக்கம் இருக்காங்கன்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா அந்த ரூட்ல போட்டிருப்பேனா?”

“உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா அது ரகசியமா இருந்திருக்குமா சார்?” என்றார் போன்காரம்மா. ரெண்டு பேர் சொன்னதும் சரிதான். எல்லோரும் சேர்ந்து காத்த ரகசியமே அவனை அங்கே கொண்டுபோய் விட்டிருந்தது.

நான் விடவில்லை. “இத்தனை பேரும் என் தங்கச்சியைப் பத்திப் பேசுறீங்க. அட்ரஸ் எனக்கு மட்டும்தான் கிடையாதா?”

போன்காரம்மா மேஜை நடுவில் இருந்த போனை என் பக்கம் தள்ளினார். ஸ்பீக்கரில் இருந்தது.

“அண்ணே. நீயும் வந்திருக்கியா?”

“ம்” என்றேன்.

“கையைக் கழுவிட்டு வந்தியா?”

இன்ஸ்பெக்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“உனக்குச் சொல்ல வேணாம்னு நான்தான் சொன்னேன் அண்ணே. அவங்களைத் திட்டாதே. உன் முகத்துல ஒண்ணும் நிக்காது. நீ என்னைப் பார்த்துட்டு வந்தா, மறுநாள் டெப்போவுல உன் முகத்தைப் பார்த்தே அவரு தெரிஞ்சுக்குவாரு. சிரிச்சுக்கிட்டே டியூப் ஒட்டுவே நீ. எனக்குத் தெரியாதா?”

“வருஷமாச்சேம்மா.”

“எனக்கும்தான் அண்ணே.” பிறகு மேஜையில் இருந்தவர்களுக்காகப் பேசினாள். “விஷயம் கேட்டதிலிருந்து நான் வாசலைத் தாண்டல. குட்டியைக் கொண்டு விடுறதுக்கு இவங்க ஆள் வர்றாங்க. வேற இடம் பார்க்கலாமான்னு கேட்டாங்க. நான் போக மாட்டேன். குட்டி இப்பத்தான் ஒரு சிநேகிதியைப் பிடிச்சிருக்கா. எனக்கும் நாலு வீட்டுத் துணி வருது. எத்தனை தடவை நானே பெட்டி கட்டுறது? இந்தத் தடவை அவரு கட்டட்டும்.”

பஞ்சுவிடம் போய்ச் சொல்ல வகுப்பு நடத்துகிறவர் எழுந்தார். நானும் கூடப் போனேன். தங்கச்சி சொன்னதை அவர் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். பஞ்சு படிக்கட்டிலிருந்த பொம்மைக் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தான். “பேசினாளா? நல்லாப் பேசினாளா?” என்றான். அவள் எப்படிப் பேசினாள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

“சரி சார்” என்றான்.

எங்கள் டெப்போக்களிலேயே யாரும் கேட்டுப் போகாத ஒன்று உண்டு. மலைக்கு அந்தப் பக்கம், ஒரு நாள் பயணம். வளைவு அதிகம், பனி, தங்குவதற்கு ஒரு தகரக் கொட்டகை. அங்கே போகிறேன் என்றான். மேனேஜர் காதை நம்பவில்லை. அந்த டெப்போவுக்கு விரும்பிப் போகிற ஆளை அவர் பார்த்ததே இல்லை. கோர்ட் ஒத்துக்கொண்டது. அங்கே வட்டம் கிடையாது, அதனால் வாரம் ஒருமுறை இங்கே போனில் பேச வேண்டும். அங்குள்ள போலீசுக்கும் இவன் யார் என்று சொல்லிவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் சரி என்றான்.

அவன் கிளம்பிய காலை எனக்கு வழியனுப்பப் போகிற எண்ணமே இல்லை. என் பெண்டாட்டி ஒரு சோத்துப் பொட்டலத்தைக் கையில் திணித்து, “இதைக் குடுத்துட்டு வாங்க. உங்களுக்காக இல்ல, பாதை நீளம்” என்றாள். பஸ் நிலையத்தில் ஒரு தகரப் பெட்டி, சுருட்டிய ஜமுக்காளம், அவ்வளவுதான் அவன் சொத்து. டிரைவருக்குப் பின்னால் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்திருந்தான். வாழ்நாளில் முதல் தடவையாகப் பயணியாக உட்காருகிறவன் மாதிரி, கால் ரெண்டும் பெடலைத் தேடிக்கொண்டிருந்தது.

“இந்த டிரைவரு பிரேக்கை மிதிக்கிற மிதியில நீ சோத்தை மடியில கொட்டிக்குவே. நின்ன இடத்துல சாப்பிடு” என்று பொட்டலத்தை ஜன்னல் வழியாக நீட்டினேன்.

வாங்கிக்கொண்டான். டிரைவர் எஞ்சினைப் போட்டார். திருந்திவிட்டேன் என்று சொல்லச் சொல்வான் என்று காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு அவன் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். எனக்கே அந்த வீடு மறுபடி ஒரு வீடாக வேண்டும் போலிருந்தது. தங்கச்சி மிஷினுக்கு முன்னால், குட்டி கதவருகில், ஞாயிற்றுக்கிழமை, மண்ணெண்ணெய் வாடை.

அவன் வேறொன்று சொன்னான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னான்.

“மச்சான், அவ போன் பண்ணினா நான் இருக்கிற டெப்போ, ஓட்டுற ரூட்டு, எனக்கு லீவு நாள் எது, எல்லாத்தையும் அவகிட்ட சொல்லிடுங்க. மாறினா உடனே உங்களுக்குச் சொல்றேன், நீங்க உடனே அவளுக்குச் சொல்லணும். மலையை விட்டு ஒரு நாள் கீழ இறங்கினாலும் முதல்ல அவளுக்குத் தெரியணும். நான் எப்படி இருக்கேன்னு சொல்லாதீங்க. எங்க இருக்கேன்னு மட்டும் சொல்லுங்க.”